இறவாணத்துத் தாமரை

ஜப்பானின் நாரா மாநிலத்தில் அசுகா என்னும் சிறு சமவெளி இருக்கிறது. அங்குள்ள வயல்களுக்கு அடியில் அகழாய்வு செய்வோருக்கு மிகுதியாகக் கிடைப்பவை சிலைகளோ பொற்கலன்களோ அல்ல, உடைந்த கூரை ஓடுகளே. மரத்தால் எழுப்பப்பட்ட பழங்கோயில்கள் தீயிலும் பூசலிலும் புறக்கணிப்பிலும் அழிந்துபோக, சூளையில் வெந்த களிமண் மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுக்குள் கெடாமல் கிடந்திருக்கிறது. அந்த ஓடுகளுள் கூரையின் கீழ்விளிம்பாகிய இறவாணத்தில் வைக்கப்பட்டவற்றின் முகப்பில் வட்டமான தாமரை ஒன்று புடைப்பாகப் பதிந்திருக்கும். அதன் விட்டம் பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரைதான். தரையில் நிற்பவர் கண்ணுக்கு ஒரு வட்டப் பொட்டாக மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய இந்தச் சிறு மலரின் இதழ்களையும் விதைகளையும் அச்சுத் தழும்புகளையும் கூர்ந்து படித்த அறிஞர்கள், ஜப்பானியப் பௌத்தத்தின் முதல் நூற்றாண்டைப் பற்றி ஏடுகள் சொல்லாமல் விட்ட பலவற்றை அதிலிருந்து மீட்டிருக்கிறார்கள்.

தாமரை ஏன் அந்த இடத்தில் அமர்ந்தது என்பதை அறியக் கூரையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்காசியப் பழங்கூரைகளில் இரண்டு வகை ஓடுகள் இணைந்து வேலை செய்தன. சற்றே குழிந்த அகன்ற ஓடுகளை மல்லாத்தி வரிசை வரிசையாக அடுக்கி, இரண்டு வரிசைகள் சந்திக்கும் இடைவெளியின் மேல் அரை உருளை வடிவ ஓடுகளைக் கவிழ்த்துவைப்பார்கள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் நாட்டு ஓடு வேய்ந்த முறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மழைநீர் குழிந்த ஓடுகளின் வழியே இறங்கி ஓடிவிடும். ஆனால் கவிழ்த்த ஓடுகளின் வரிசை இறவாணத்தில் முடியும்போது அங்கே வாய் திறந்த ஒரு பொந்து உண்டாகிவிடும். காற்றும் சாரலும் பறவைகளும் அதன் வழியே உள்ளே புகும். அந்த வாயை அடைக்க, கடைசி ஓட்டின் நுனியில் ஒரு வட்டத் தகட்டைக் களிமண்ணாலேயே சேர்த்துச் சுட்டார்கள். அடைப்பாக வந்த இந்த வட்டம்தான் அலங்காரத்துக்கு இடம் கொடுத்தது. கைமரங்களின் வெட்டுமுனைகளை மூடுவதற்கென்றே தனியாகச் செய்யப்பட்டு, நடுவில் ஆணி அடித்துப் பொருத்தப்பட்ட தாமரை ஓடுகளும் சில கோயில்களில் இருந்தன.

ஜப்பானுக்கு இந்தக் கலை வந்த ஆண்டு எழுத்தில் பதிவாகியிருக்கிறது. கி.பி. 720-இல் தொகுத்து முடிக்கப்பட்ட ‘நிஹோன் ஷோகி’ என்னும் அரச வரலாற்று நூலின்படி, 588-ஆம் ஆண்டில் கொரியத் தீபகற்பத்தின் தென்மேற்கில் இருந்த பேக்ஜே அரசு புத்தரின் திருவெச்சங்களோடு பிக்குகளையும், கோயில் கட்டும் தச்சர்களையும், கோபுரக் கலசம் வார்க்கும் ஆசானையும், ஓவியர் ஒருவரையும், ஓடு செய்யும் ஆசான்கள் நால்வரையும் அனுப்பிவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் புத்த சமயத்தை ஆதரித்த சோகா குலம், அதை எதிர்த்த மொனொனோபே குலத்தைப் போரில் வீழ்த்தியிருந்தது. வெற்றி பெற்ற சோகா நோ உமாகோ, நாட்டின் முதல் முழுமையான பௌத்தக் கோயிலாகிய அசுகாதேராவைக் கட்டத் தொடங்கினார். ஓட்டு ஆசான்கள் நால்வரின் பெயர்களையும் அந்த நூல் குறித்துவைத்திருக்கிறது என்பது மிகப் பெரிய செய்தி. மண் மிதிக்கும் தொழிலாளியின் பெயர் அரச வரலாற்றில் ஏறுவது எந்த நாட்டிலும் அரிது. அதுமட்டுமன்றி, சீனச் செவ்வியல் நூல்களைக் கற்பிக்க முன்னர் பேக்ஜேயிலிருந்து வந்த பேரறிஞர்களுக்கு வழங்கிய அதே பட்டமே இவர்களுக்கும் வழங்கப்பட்டது. ஓடு சுடும் அறிவை அன்றைய அரசவை எவ்வளவு உயர்வாக மதித்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த மதிப்புக்குக் காரணம் இருந்தது. அதுவரை ஜப்பானில் அரண்மனைகள்கூட மரப்பட்டையாலும் புல்லாலும் வேயப்பட்டு, நேரடியாக மண்ணில் நட்ட தூண்களின்மேல் நின்றன. ஓட்டுக்கூரையின் பாரத்தை அத்தகைய கட்டடம் தாங்காது. மண்ணைக் கெட்டித்து மேடை அமைத்து, அதன்மேல் அடிக்கற்களைப் பதித்து, பருத்த தூண்களை அவற்றின்மீது நிறுத்தி, இறவாணத்தின் எடையைத் தூணுக்குக் கடத்தும் தாங்குகட்டைகளை அடுக்கினால்தான் ஓடு வேய முடியும். ஆகவே ஓட்டோடு சேர்ந்து ஒரு முழுக் கட்டடக்கலையே கடல் கடந்து வந்தது எனலாம்.

அசுகாதேராவில் 1956, 1957-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வு, நடுவில் ஒரு கோபுரமும் அதன் மூன்று பக்கங்களில் மூன்று புத்தர் மண்டபங்களுமாக அக்கோயில் அமைந்திருந்ததை வெளிப்படுத்தியது. அங்கே கிடைத்த தொடக்ககால இறவாண ஓடுகள் தெளிவாக இரண்டு கூட்டங்களாகப் பிரிந்தன. ஒன்றில் ஒவ்வோர் இதழின் நுனியிலும் சிறு வெட்டு விழுந்து, இதழ் செர்ரிப் பூவின் இதழைப் போலத் தோன்றும். மற்றொன்றில் இதழ் நுனியில் ஒரு சிறு மணி ஒளிர்வதுபோலத் துருத்தி நிற்கும். ஆய்வாளர்கள் முன்னதைப் ‘பூக் குழு’ என்றும் பின்னதை ‘விண்மீன் குழு’ என்றும் அழைக்கிறார்கள். வேறுபாடு அழகில் மட்டும் இல்லை. பூக் குழுவினரின் அரை உருளை ஓடு ஒரு முனையில் குறுகிக்கொண்டே போய் அடுத்த ஓட்டின் அடியில் நுழையும். விண்மீன் குழுவினரின் ஓட்டிலோ முனையில் ஒரு படி வெட்டப்பட்டு, அடுத்த ஓடு அதன்மேல் சரியாகப் பொருந்தி அமரும். முகப்பு வட்டத்தை உருளையோடு ஒட்டும் முறையும் இருவரிடமும் வேறுபட்டது. ஒரே கோயிலின் கூரைக்கு இரண்டு பட்டறை மரபுகளைச் சேர்ந்த கைவினைஞர்கள் அருகருகே உழைத்தார்கள் என்பதை நிஹோன் ஷோகி சொல்லவில்லை, ஓடுதான் சொல்கிறது.

இந்த மலரின் வழித்தடம் நீளமானது. பார்ஹுத், சாஞ்சி, அமராவதி ஆகிய இடங்களின் தூபி வேலிகளில் முழு வட்டமாக விரிந்த தாமரைகளைச் செதுக்கிய இந்தியச் சிற்பிகளிடம்தான் புத்த சமயத்தின் தாமரைக் கோலம் உருப்பெற்றது. சேற்றில் பிறந்தும் சேறு படியாத அம்மலர் புத்தரின் இருக்கையாகவும் தூய பிறப்பின் குறியீடாகவும் வளர்ந்தது. ஆனால் இந்தியத் தூபிகளுக்கு இத்தகைய இறவாண ஓடுகள் இல்லை. ஓட்டின் வட்ட முகப்பை அலங்கரிக்கும் பழக்கம் சீனாவுக்கு உரியது. ஹான் பேரரசின் காலத்து ஓடுகளில் சுருள் மேகங்களும் விலங்குகளும் வாழ்த்து எழுத்துகளும் இடம்பெற்றன. பௌத்தம் சீனாவில் வேரூன்றிய பிறகு, கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் வடக்கு, தெற்கு அரசுகள் இரண்டிலும் மேகம் விலகித் தாமரை அந்த வட்டத்தில் அமர்ந்தது. தெற்கே இன்றைய நாஞ்சிங்கைத் தலைநகராகக் கொண்ட லியாங் அரசோடு பேக்ஜே நெருங்கிய உறவு வைத்திருந்தது. 541-இல் சூத்திர உரைகளோடு கைவினைஞர்களையும் ஓவியர்களையும் வேண்டித் தூதனுப்பியது. 523-இல் இறந்த பேக்ஜே மன்னர் முர்யோங்கின் கல்லறை 1971-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் சுவர் முழுவதும் தாமரை பொறித்த செங்கற்களால் கட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. பேக்ஜேயின் கடைசித் தலைநகர் இருந்த புயோ நகரில் வாங்ஹுங்சா என்னும் கோயிலின் திருவெச்சப் பேழை 2007-இல் வெளிப்பட்டது; அதிலிருந்த எழுத்து 577-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அக்கோயிலின் ஓடுகளும் அசுகாதேராவின் ஓடுகளும் நெருங்கிய உறவுடையவை. இரண்டுக்கும் இடையில் கழிந்தவை பதினோரு ஆண்டுகள்தான்.

ஓட்டுத் தாமரையை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். குளக்கரையில் நிற்பவர் பெரும்பாலும் தாமரையைப் பக்கவாட்டில்தான் காண்கிறார். ஓட்டிலோ அம்மலர் நேர் மேலிருந்து நோக்கப்பட்டிருக்கிறது. நடுவில் பொகுட்டு, அதாவது விதைகளைத் தாங்கும் கொட்டைப் பகுதி, வட்ட மேடாக எழுந்து நிற்கும். அதன்மேல் விதைகள் சிறு மணிகளாகப் புடைத்திருக்கும்: நடுவில் ஒன்று, சுற்றிலும் ஒரு வரிசை, பிற்காலத்தில் இரண்டு வரிசை. பொகுட்டைச் சுற்றி இதழ்கள் விரியும். இதழ்களுக்கு இடையே பின்வரிசை இதழ்களின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரு விளிம்பு சூழ்ந்திருக்கும். இதழின் அமைப்பை வைத்து மூன்று பெரும் வகைகளை அறிஞர்கள் பிரிக்கிறார்கள். மேற்பரப்பில் வேறு எதுவும் இல்லாத வெற்றிதழ் வகை 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேக்ஜேயிலிருந்து வந்தது. ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஒரு குட்டி இதழ் படிந்திருக்கும் ஒற்றையிதழ் வகை 7-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. இரண்டு இதழ்கள் ஒன்றாக ஒட்டிப் பிறந்ததுபோல இணைந்து நிற்கும் இரட்டையிதழ் வகை அதற்குச் சற்றுப் பின் தோன்றி, 8-ஆம் நூற்றாண்டின் நாரா காலம் முழுவதும் ஆட்சி செய்தது. விளிம்பும் மாறியது: முதலில் வெறுமையாக இருந்த வரம்பு, பிறகு ஒருமைய வட்டங்களையும் இரம்பப் பல் வரிசையையும் மணி வரிசையையும் ஏற்றது. அலங்காரம் கூடியதே தவிர, அழகு கூடியது என்று சொல்லிவிட முடியாது. சில இதழ்களும் ஒரு சிறு பொகுட்டும் மட்டுமே கொண்ட அசுகாதேரா ஓட்டில், இதழ்களின் மென்மையான எழுச்சிதான் முழுக் கலையும். அந்தத் தன்னடக்கத்தை நாரா அரண்மனையின் செறிந்த ஓடுகள் பிறகு எட்டவே இல்லை.

இதழைவிடவும் மிகுதியாகப் பேசுவது அச்சின் தழும்பு. முகப்புத் தாமரையைச் செய்ய, மரத்தில் மலரை எதிர்முகமாகக் குடைந்த அச்சு ஒன்று வேண்டும். அதில் குழைத்த களிமண்ணைத் திணித்து அழுத்தி எடுத்து, பின்புறத்தில் அரை உருளையை ஒட்டி, நிழலில் உலர்த்தி, மலைச்சரிவில் குடைந்த சூளையில் சுடுவார்கள். அச்சு மரத்தாலானது என்பதால் சில ஓடுகளில் மரத்தின் ஆண்டு வளையக் கோடுகள்கூடப் பதிந்துள்ளன. ஈரக் களிமண் நூற்றுக்கணக்கான முறை அழுத்தப்பட்ட அச்சில் விரிசல் விழும், மூலைகள் தேயும். அந்தக் காயங்கள் அதன் பிறகு பிறக்கும் ஒவ்வோர் ஓட்டிலும் மெல்லிய கோடாகப் பதியும். எனவே ஒரே காயம் இருக்கும் இரண்டு ஓடுகள் ஒரே அச்சில் பிறந்தவை. காயம் சிறிதாக உள்ளது முந்தியது, பெரிதாக உள்ளது பிந்தியது. எழுத்தே இல்லாத ஒரு பொருளிலிருந்து காலவரிசையைப் பெறுவதற்கு இதைவிட நேர்த்தியான வழி தொல்லியலில் அதிகம் இல்லை.

இந்த முறையின் வலிமையை, பௌத்தத்தைப் போற்றி வளர்த்த இளவரசர் ஷோதோகுவோடு தொடர்புடைய இரண்டு கோயில்கள் நன்கு காட்டுகின்றன. நாராவுக்குத் தென்மேற்கே இகாருகாவில் அவர் கட்டிய முதற்கோயிலின் ஓட்டு அச்சு ஒன்று, இன்றைய ஒசாகா, கியோத்தோ மாநிலங்களின் எல்லையிலுள்ள குசுஹா ஹிரானோயாமா என்னும் சூளைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அதே அச்சில் அழுத்திய ஓடுகள் ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலுக்கு அனுப்பப்பட்டன. ஷிதென்னோஜி ஓடுகளில் அச்சின் காயங்கள் இகாருகா ஓடுகளில் இருப்பதைவிட வளர்ந்திருக்கின்றன. ஆகவே இகாருகாக் கோயிலின் அந்த ஓடுகள் முந்தியவை, ஷிதென்னோஜியின் ஓடுகள் பிந்தியவை என்பது உறுதியாகிறது.

இகாருகாவின் முதற்கோயில் என்று குறிப்பிட்டதற்கு ஒரு பின்னணி உண்டு. உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்களைக் கொண்டதாகப் போற்றப்படும் ஹோர்யூஜி அங்கேதான் நிற்கிறது. 670-இல் அக்கோயில் ஒரு கட்டடமும் மிஞ்சாமல் எரிந்துபோனதாக நிஹோன் ஷோகி கூறுகிறது. இன்று நிற்பது எரியாத மூலக் கட்டடமா, எரிந்த பின் மீண்டும் எழுந்ததா என்ற வாதம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூண்டது. கட்டடத்தின் அளவு முறையைச் சான்றாக்கி, கோயில் எரியவே இல்லை என்றார் கட்டடக்கலை வரலாற்றாளர் செகினோ ததாஷி. நூலின் கூற்றை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது என்றார் வரலாற்றாளர் கித்தா சதாகிச்சி. 1939-இல் இன்றைய கோயிலின் தென்கிழக்கே, வகாகுசா என்று அழைக்கப்பட்ட திடலில் இஷிதா மொசாக்கு நடத்திய அகழாய்வு, கோபுரமும் மண்டபமும் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் அமைந்த வேறொரு கோயிலின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தது. அங்கே கிடைத்த ஓடுகள் பழைய வெற்றிதழ் வகை. இன்றைய கோயிலுக்கு உரியவையோ, கொடிக்கோலம் பொறித்த தட்டையான இறவாண ஓடுகளோடு இணையும் இரட்டையிதழ் வகை. இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் கிடக்கிறது. மறுகட்டுமானம் என்ற தரப்பு அதன் பின் வலுத்து, இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. கம்பீரமான வாதங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தீர்க்க முடியாததைத் தீர்ப்பதில், எரிந்த மண்ணிலிருந்து வந்த ஓட்டுத் துண்டுகள் பெரும் பங்காற்றின.

ஒற்றையிதழ் வகைக்குப் பேர்போன யமதாதேரா, துயரம் தோய்ந்த கோயில். சோகா குலத்தின் கிளை ஒன்றைச் சேர்ந்த இஷிகாவாமாரோ 641-இல் அதைக் கட்டத் தொடங்கினார். 649-இல் அரச துரோகம் செய்ததாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டு, குடும்பத்தாரோடு அக்கோயிலிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். பிறகே அவர் குற்றமற்றவர் என்பது தெரிந்தது. பணி நெடுங்காலம் தடைப்பட்டு, 685-இல்தான் புத்தர் சிலைக்குக் கண்திறப்பு நடந்தது. 1982-இல் அங்கே நடந்த அகழாய்வில் கிழக்குச் சுற்றுமண்டபம் தூணும் சாளரமும் ஓடுமாக விழுந்த நிலையிலேயே புதைந்திருந்தது வெளிப்பட்டது. எட்டு இதழ்கள், அவற்றுக்குள் எட்டுக் குட்டி இதழ்கள், விளிம்பில் ஒருமைய வட்டங்கள் என அமைந்த அந்த ஓட்டின் வடிவம் நாடெங்கும் பரவி, கிழக்கே சிபா மாநிலத்தின் ரியூகாகுஜி கோயில் வரை சென்றது. அடுத்து வந்த கவராதேரா கோயிலின் இரட்டையிதழ் ஓடும் அதேபோல வட்டாரத் தலைவர்களின் கோயில்களில் இடம்பிடித்தது. தலைநகரின் ஓட்டு வடிவத்தைப் பெறுவது, அரசவையோடு ஒரு குலத்துக்கு இருந்த உறவின் அடையாளமாக இருந்திருக்க வேண்டும் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 624-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நிஹோன் ஷோகி குறிப்பது 46 கோயில்கள். 692-இல் அந்த எண் 545 ஆகிவிட்டதாகப் பிற்கால வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. பெயர்கூட மறைந்துபோன பல கோயில்கள் இருந்த இடத்தை வயலில் சிதறிய ஓடுகளே இன்று காட்டுகின்றன.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடு கோயிலுக்கே உரியதாக இருந்தது. 655-இல் பேரரசி சைமெய் ஓட்டுக்கூரையுடன் ஓர் அரண்மனை எழுப்ப முயன்று, மலைகளில் வெட்டிய மரம் உளுத்துப்போனதால் கைவிட்டார். 694-இல் தலைநகரான ஃபுஜிவாராவில்தான் அரண்மனைக்கு முதன்முதலாக ஓடு வேயப்பட்டது. அதற்கு இருபது லட்சம் ஓடுகள் வரை தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. அருகிலிருந்த சூளைகள் போதாமல், உள்நாட்டுக் கடலுக்கு அப்பால் ஷிகோக்கு தீவிலுள்ள முனேயோஷி சூளையிலிருந்தும் ஓடுகள் வந்தன. புத்தரின் இருப்பிடத்தைக் குறித்த தாமரை, மன்னரின் கொலுமண்டபத்துக்கும் அப்படியே பொருத்தப்பட்டது. 710-இல் தலைநகர் இன்றைய நாரா நகரிலுள்ள ஹெய்ஜோவுக்கு மாறியபோது, இன்னும் பயன்படும் பழைய ஓடுகளைப் பிரித்தெடுத்துப் புதிய நகருக்குக் கொண்டுபோனார்கள். ஹெய்ஜோ ஓடுகளின் வகைகள் மிகப் பலவாக இருப்பதால், நாரா பண்பாட்டுச் சொத்து ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு இலக்க எண்ணும், அதற்குள் ஒவ்வோர் அச்சுக்கும் ஓர் எழுத்தும் கொடுத்துப் பட்டியலிட்டிருக்கிறது. 741-இல் பேரரசர் ஷோமு ஒவ்வொரு மாகாணத்திலும் அரச கோயில் எழுப்ப ஆணையிட்ட பிறகு, முசாஷி மாகாணக் கோயிலின் ஓடுகளில் அவற்றை வழங்கிய வட்டாரங்களின் பெயர்கள் எழுதப்பட்டன. தாமரை அங்கே வரிச்சுமையின் கணக்குக்கும் துணைபோனது.

அதற்குப் பிந்தைய வரலாறு சுருக்கமானது. நாரா காலம் முடிந்த பின் இதழ்கள் தட்டையாகி, பொகுட்டு பருத்து, மலர் ஒரு பழக்கக் கோலமாகத் தேய்ந்தது. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து ‘தொமோயே’ என்னும் சுழல் வடிவம், காற்புள்ளி போன்ற மூன்று உருவங்கள் ஒன்றையொன்று துரத்திச் சுழலும் கோலம், இறவாண ஓட்டைக் கைப்பற்றியது. நீர்ச்சுழலைக் குறிக்கும் அது மரக்கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கை அதன் பரவலுக்குத் துணைசெய்தது. கோயில்களிலும் கோட்டைகளிலும் இன்று மிகுதியாகக் காணப்படுவது அதுவே.

அசுகாதேராவின் ஓடுகள் சில இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. 718-இல் அக்கோயில் நாரா நகருக்கு மாறி காங்கோஜி என்று பெயர் பெற்றபோது கொண்டுவந்த ஓடுகளில் ஒரு பகுதி, அங்குள்ள கொகுராகுபோ மண்டபத்தின் கூரையிலும் அதையடுத்த தியான மண்டபத்தின் கூரையிலும் இன்றும் மழையைத் தாங்குகின்றன. ஒரு முனை குறுகிய பூக் குழு முறை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருப்பதையும், செம்மை, சாம்பல், கருமை என அவற்றின் நிறம் கலந்திருப்பதையும் கீழே நின்றே காணலாம். ஹெய்ஜோ அரண்மனைத் திடலில் 1998-இல் சுசாக்கு வாயிலும் 2010-இல் பெருங்கொலுமண்டபமும் மீண்டும் எழுப்பப்பட்டபோது, அகழாய்வில் கிடைத்த ஓடுகளை அளந்து, அவற்றின் இதழும் விதையும் விளிம்பும் பிசகாமல் புதிய அச்சுகள் செய்து, தாமரை ஓடுகளையே இறவாணத்தில் வைத்தார்கள்.